கலைந்த பேண்ட் மறுபடி கூடினால்: ரீயூனியன் ஆல்பம் என்றால் என்ன?

ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கூடாரம் அடித்து ஓர் இசை விழா நடத்துவார்கள். அதன் பெயருக்கு அர்த்தமே கூடார இசை விழா என்பதுதான். 1994 ஜூன் மாதம் அங்கே ஆறு பேர் மேடை ஏறினார்கள். இளையவருக்கு நாற்பத்து மூன்று வயது, மூத்தவர் அறுபதைத் தொட இன்னும் சில மாதங்கள். இந்த ஆறு பேரும் சேர்ந்து கடைசியாக வாசித்தது 1971-இல். நடுவில் 23 வருஷம்.

பேண்டின் பெயர் கொலோசியம். லண்டன்காரர்கள். நம்மில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம், அதில் தப்பொன்றும் இல்லை. இங்கிலாந்திலேயே பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் அளவுக்கு வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் அல்ல இது. ஆனால் ரீயூனியன் ஆல்பம் என்றால் என்ன, அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று புரிந்துகொள்ள இவர்களைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கலைந்தார்கள், கூடினார்கள், புதுப் பாட்டு போட்டார்கள், ஆளை இழந்தார்கள், விடைபெற்றார்கள், அப்புறம் மறுபடியும் கூடினார்கள். ஒரு பேண்டுக்கு நேரக்கூடிய எல்லாமே இவர்களுக்கு நேர்ந்திருக்கிறது.

முதலில் சொல்லின் பொருளைப் பார்த்துவிடலாம். ஒரு பேண்ட் முறையாகக் கலைந்துபோய், அதில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் வேறு வேலை பார்த்து, பல வருஷம் கழித்துத் திரும்ப ஒன்றுசேர்ந்து, ஸ்டுடியோவில் உட்கார்ந்து புதிய பாடல்களைப் பதிவு செய்தால் அது ரீயூனியன் ஆல்பம். 'கலைந்துபோய்' என்பதும் 'புதிய' என்பதும் முக்கியம். ஐந்து வருஷம் சும்மா இருந்துவிட்டு வந்தால் அது நீண்ட இடைவெளி, அவ்வளவுதான். பழைய பாடல்களையே மேடையில் வாசித்து அதைப் பதிவாக வெளியிட்டால் அது ரீயூனியன் கச்சேரி. பெட்டியில் கிடந்த பழைய டேப்பைத் தூசி தட்டி வெளியிட்டால் அதுவும் வேறு சங்கதி.

க்ரீம் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்ற மூவரும் 2005 மே மாதம் அதே அரங்கில் நான்கு இரவுகள் வாசித்தார்கள். டிக்கெட் கிடைக்காமல் உலகமே தவித்தது. ஆனால் புதிதாக ஒரு பாட்டுகூடப் போடவில்லை. ஆகவே க்ரீமுக்கு ரீயூனியன் உண்டு, ரீயூனியன் ஆல்பம் கிடையாது.

பெயர் விஷயத்திலும் ஒரு குழப்பம் வரும். கொலோசியத்தைத் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர் ஜான் ஹைஸ்மன் 1975-இல் 'கொலோசியம் 2' என்று ஒரு பேண்ட் ஆரம்பித்தார். அதில் பழைய கொலோசியத்திலிருந்து வந்தவர் ஹைஸ்மன் ஒருவர்தான். கிட்டாரில் கேரி மூர், கீபோர்டில் டான் ஏரி (இவர் பின்னாளில் டீப் பர்ப்பிளுக்குப் போனவர்). பெயர் அதே, ஆட்கள் வேறு, இசையும் வேறு. அதை யாரும் ரீயூனியன் என்று சொல்வதில்லை. இதற்கு நேர்மாறாக, ஆட்கள் இருந்தும் பெயர் கிடைக்காத கதையும் உண்டு. யெஸ் பேண்டின் நான்கு பழைய ஆட்கள் 1989-இல் சேர்ந்தபோது அந்தப் பெயர் வேறு ஆட்களிடம் இருந்தது. வக்கீல் அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாதிரி நான்கு குடும்பப் பெயர்களையும் வரிசையாக எழுதி ஆல்பம் போட்டார்கள்: ஆண்டர்சன் ப்ரூஃபோர்ட் வேக்மன் ஹவ்.

ப்ளூஸ் எப்படி நடக்கிறது

கொலோசியத்தை ப்ராக்ரஸிவ் ப்ளூஸ்-ராக் பேண்ட் என்பார்கள். மூன்று சொல் சேர்ந்த இந்தப் பெயரில் ப்ளூஸ்தான் அஸ்திவாரம், அதைப் புரிந்துகொண்டால் மற்றவை சுலபம்.

ப்ளூஸ் பாட்டின் அடிப்படைச் சுற்று 12 பார். ஒரு பார் என்றால் நான்கு எண்ணிக்கை. ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று பன்னிரண்டு தடவை எண்ணினால் ஒரு சுற்று முடியும். அதற்குள் மூன்றே மூன்று கார்டுகள், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள். வரிகளும் மூன்றுதான்: முதல் வரி, அதே வரி மறுபடி, அப்புறம் அதற்குப் பதில் மாதிரி ஒரு வரி. தமிழில் விளையாட்டாக ஒன்று கட்டிப் பார்த்தால் இப்படி வரும்:

நேத்து ராத்திரி மழை, கூரை முழுக்க ஓட்டை.
ஐயோ, நேத்து ராத்திரி மழை, கூரை முழுக்க ஓட்டை.
பாயைச் சுருட்டிக்கிட்டு நின்னேன், பொழுதுதான் விடியலே.

இரண்டாவது தடவை பாடும்போது சொல் மாறவில்லை, ஆனால் அடியில் கார்டு மாறிவிடும். அதனால் அதே சொல் கொஞ்சம் வேறு மாதிரி வலிக்கும். ஒவ்வொரு வரியும் தனக்குரிய நான்கு பாரில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் கிட்டாரோ சாக்ஸபோனோ பதில் சொல்லும். பாடகர் ஒன்று சொல்ல, வாத்தியம் 'ஆமாம்' என்று கேட்டுக்கொள்வது போல. சில சுரங்களை நேராகத் தொடாமல் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடிப்பார்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும்.

அமெரிக்காவின் தெற்கில் கறுப்பின மக்களிடம் பிறந்த இந்த இசையை 1960களின் தொடக்கத்தில் லண்டன் இளைஞர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார்கள். 1962 மார்ச்சில் அலெக்சிஸ் கார்னர், சிரில் டேவிஸ் இருவரும் லண்டனின் மேற்குப் பக்கம் ஈலிங்கில் ஒரு கிளப் தொடங்கினார்கள். கார்னரின் பேண்டில் அந்த வருஷமே சாக்ஸபோன் வாசித்தவர் டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித். ஃப்ரைபர்க் மேடையில் அறுபதை நெருங்கி நின்றவர் இவர்தான். டெனர், சொப்ரானோ இரண்டு சாக்ஸபோனையும் ஒரே சமயத்தில் வாயில் வைத்து ஊதும் வித்தை இவருக்குக் கைவந்தது. சர்க்கஸ் என்று நினைக்க வேண்டாம், இரண்டு குரலாக நிஜமாகவே இசை வரும்.

பிறகு அவர் கிரஹாம் பாண்டின் குழுவுக்குப் போனார். அங்கே டிரம்ஸ் வாசித்த ஜிஞ்சர் பேக்கர் 1966-இல் க்ரீம் ஆரம்பிக்கக் கிளம்ப, காலியான இடத்துக்கு வந்தவர் 22 வயது ஹைஸ்மன். இருவரும் அப்புறம் ஜான் மேயாலுடன் 1968-இல் ஒரு ஆல்பத்தில் வாசித்தார்கள். மேயால் ப்ளூஸ் வாத்தியார், சுத்தமான ப்ளூஸ் ஆள் என்று பெயர் எடுத்தவர். அந்த ஆல்பத்தில் அவரே ஒரு பக்கம் முழுவதையும் ஒரே தொடர்ச்சியான தொகுப்பாக அமைத்திருந்தார். ப்ளூஸை இப்படி நீட்டலாம், ஜாஸ் ஊதுகுழல்களைச் சேர்க்கலாம் என்ற யோசனை அங்கேயே முளைவிட்டுவிட்டது. அதே ஆல்பத்தில் பேஸ் (கீழ்ச்சுரங்களுக்கான கிட்டார்) வாசித்த டோனி ரீவ்ஸையும் சேர்த்துக்கொண்டு ஹைஸ்மன் தொடங்கியதுதான் கொலோசியம்.

'ப்ராக்ரஸிவ்' என்பது இந்த நீட்டலுக்குப் பெயர். மூன்று நிமிஷப் பாட்டு பதினைந்து நிமிஷம் ஆகும். நான்கு எண்ணிக்கைத் தாளம் நடுவில் ஐந்தாகவோ ஏழாகவோ மாறும். ஆர்கன் தேவாலயத்தில் ஒலிப்பது போலத் தொடங்கிச் சண்டையில் போய் முடியும். 1969-இல் வெளிவந்த 'வேலண்டைன் சூட்' ஆல்பத்தைக் கேட்டால் இது புரிந்துவிடும். தலைப்புப் பாடல் மூன்று பகுதி, எல்பியின் இரண்டாம் பக்கம் முழுவதும் அதுவே. எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கும். அந்தக் கால நெடும்பாட்டுகளின் நீளத்தைப் பாதி தீர்மானித்தது இந்தக் கறுப்புத் தட்டுதான். வெர்டிகோ என்ற புகழ்பெற்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் எல்பியும் இதுவே.

கலைந்தது, பிரிந்தது

1970-இல் ஆட்கள் மாறினார்கள். கிட்டாருக்கு கிளெம் கிளெம்ப்சன், பேஸுக்கு மார்க் கிளார்க், பாட கிறிஸ் ஃபார்லோ. ஃபார்லோ ஏற்கெனவே பெயர் பெற்ற ஆள். 1966-இல் மிக் ஜாகர் தயாரித்த ஒரு பாட்டுடன் இங்கிலாந்தின் பாடல் விற்பனைப் பட்டியலில் முதல் இடம் பிடித்தவர். அந்தப் பாட்டு முதல் இடத்தில் இருந்த வாரத்தில்தான் இங்கிலாந்து உலகக் கோப்பை கால்பந்தை வென்றது. இந்த அறுவர் அணி 1971-இல் ஒரு நேரடிக் கச்சேரி ஆல்பம் போட்டது. மான்செஸ்டரிலும் பிரைட்டனிலும் பதிவு செய்தது. என்னைக் கேட்டால் அவர்களுடைய மிகச் சிறந்த பதிவு அதுதான். அதே வருஷம் பேண்ட் கலைந்தது.

அதன் பிறகு ஒவ்வொருவரும் எங்கே போனார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரீயூனியன் ஆல்பத்தில் கேட்கப்போவது இந்த இடைக்காலத்தையும் சேர்த்துத்தான். கிளெம்ப்சன் ஹம்பிள் பை பேண்டில் சேர்ந்து முரட்டு ராக் வாசித்தார். கீபோர்டுக்காரர் டேவ் கிரீன்ஸ்லேட் தன் பெயரிலேயே ஒரு பேண்ட் நடத்தினார், அப்புறம் பிபிசி தொடர்களுக்கு இசையமைத்தார். ஃபார்லோ அட்டாமிக் ரூஸ்டரில் கொஞ்ச நாள் பாடினார். பழைய ராணுவப் பொருட்கள் விற்கும் கடையும் வைத்திருந்தார். மார்க் கிளார்க் உரையா ஹீப்பில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் பிற்பாடு அமெரிக்கப் பக்கம் போனார். ஹைஸ்மன் டெம்பெஸ்ட், கொலோசியம் 2 என்று இரண்டு பேண்டுகளை நடத்தி முடித்து, மனைவி பார்பரா தாம்ப்சனின் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பார்பரா சாக்ஸபோன் கலைஞர், இசையமைப்பாளர். 1980களில் ஹைஸ்மன் சொந்தமாக ஸ்டுடியோவும் அமைத்தார். ஜெர்மன் ஜாஸ் உலகத்தில் இந்தத் தம்பதிக்கு நல்ல பெயர். ரீயூனியன் லண்டனில் நடக்காமல் ஃப்ரைபர்கில் நடந்ததற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த மாதிரி கூடல்கள் 1980களின் நடுவிலிருந்து 90கள் வரை வரிசையாக நடந்தன. டீப் பர்ப்பிள் 1984-இல் தன் புகழ்பெற்ற ஐவர் அணியைத் திரும்பக் கூட்டியது. விஷ்போன் ஆஷின் முதல் நால்வர் 1987-இல் சேர்ந்து, பாடலே இல்லாமல் வெறும் வாத்திய ஆல்பம் ஒன்று போட்டார்கள். டென் இயர்ஸ் ஆஃப்டர் 1989-இல். காரணம் என்ன? சிடி வந்துவிட்டது. பழைய எல்பிக்கள் எல்லாம் சிடியாக மறுபடி கடைக்கு வந்தன. இருபது வயதில் இவற்றைக் கேட்டவர்களுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, கையில் காசு இருக்கிறது. பணம்தான் காரணம் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. பணம் ஒரு காரணம்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் பணம் கச்சேரியில்தான் அதிகம். கச்சேரிக்குப் பழைய பாட்டு போதும். புதுப் பாட்டு என்று அறிவித்த உடனே கூட்டத்தில் பாதி பீர் வாங்கக் கிளம்பிவிடும் என்பது உலகம் முழுக்க உள்ள பழைய பேண்டுகளுக்குத் தெரிந்த உண்மை. அப்படியிருந்தும் ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள் என்றால் வேறு ஏதோ ஒன்று உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பழைய சண்டையும் சேர்ந்தேதான் திரும்பி வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீப் பர்ப்பிளில் கூடி ஐந்தே வருஷத்தில் பாடகர் இயன் கில்லன் வெளியேற்றப்பட்டார். அவர் திரும்பி வந்ததும் 1993-இல் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் நிரந்தரமாகக் கிளம்பினார்.

வயது எங்கே உதவுகிறது, எங்கே உதைக்கிறது

ப்ராக்ரஸிவ் ப்ளூஸ்-ராக் பேண்டின் ரீயூனியன் ஆல்பத்தில் இரண்டு பாதிகள் எதிரெதிராக இழுக்கும். ப்ளூஸ் பாதி வயதைத் தாங்கும். ப்ராக்ரஸிவ் பாதி வயதைச் சோதிக்கும்.

ப்ளூஸில் ரீயூனியன் என்பது ராக்கைவிடப் பழைய விஷயம். மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற பாடகர் 1928-இல் சில பாடல்களைப் பதிவு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாய வேலை பார்த்தார். 35 வருஷம் யாரும் தேடவில்லை. அவர் பாட்டு ஒன்றில் அவலன் என்று தன் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தார். ஒரு ரசிகர் அந்த ஊரை வரைபடத்தில் கண்டுபிடித்து 1963-இல் நேரே போய்ப் பார்த்தால் ஆள் அங்கேயே இருக்கிறார். எழுபது வயது வாக்கில் மறுபடி பதிவு செய்தார், விழா மேடைகளில் பாடினார், கொண்டாடப்பட்டார். அடுத்த வருஷமே சன் ஹவுஸையும் இதேபோலத் தேடிக் கண்டுபிடித்தார்கள். குரல் கரகரத்துப் போனதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. கஷ்டத்தைப் பாடுகிற பாட்டுக்குக் கஷ்டப்பட்ட குரல் பொருந்திப்போனது.

ப்ராக்ரஸிவ் பக்கம் இந்தச் சலுகை கிடையாது. பதினேழு நிமிஷத் தொகுப்பில் எந்த இடத்தில் தாளம் மாறும், எந்த இடத்தில் ஆர்கன் நிற்க வேண்டும் என்று ஆறு பேருக்கும் நினைவிருக்க வேண்டும். விரல் வேகம் வேண்டும், மூச்சு வேண்டும். எல்லாவற்றையும்விட, இரவு பகலாக ஒரே வேனில் ஊர் ஊராகச் சுற்றி வாசித்துச் சேர்ந்த பழக்கம் வேண்டும். தனித்தனி வீடு, தனித்தனி வேலை, வருஷத்தில் சில வாரம் ஒத்திகை என்று வாழ்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் திரும்ப வருவது கஷ்டம். ஆகவே ரீயூனியன் ஆல்பங்களில் பாட்டுகள் குட்டையாவதை அடிக்கடி பார்க்கலாம்.

கொலோசியத்துக்கும் அதுதான் நடந்தது. 1994 அக்டோபரில் கொலோன் நகரில் நடந்த கச்சேரி சிடியாகவும் படமாகவும் வந்தது. பழைய பாடல்கள், ஆனால் அசத்தல். அந்தக் கச்சேரியில் ஹைஸ்மனின் தனி டிரம்ஸ் வாசிப்புக்கு 'சோலோ கொலோனியா' என்று பெயர் வைத்தார்கள். கொலோன் நகரின் ரோமானியப் பெயர் கொலோனியா. இந்தப் பேண்டுக்கு ரோம்மேல் அப்படி ஒரு பிரியம். பேண்டின் பெயர் ரோமின் அரங்கம், 1969-இல் வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பு சாகப்போகிறவர்கள் சக்கரவர்த்திக்குச் செலுத்தும் வணக்கம்.

1997-இல் வந்த ரீயூனியன் ஸ்டுடியோ ஆல்பத்துக்கும் ரோமானியத் தலைப்புதான்: 'பிரெட் அண்ட் சர்க்கஸஸ்'. ஜனங்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் கொடுத்துவிட்டால் வேறெதுவும் கேட்க மாட்டார்கள் என்று ஜுவெனல் என்ற ரோமானியக் கவிஞர் குத்திக்காட்டியது. நம் பேச்சில் சொன்னால் சோறும் கூத்தும். கேளிக்கைக்காரர்களாகத் திரும்பி வருகிறவர்கள் தங்கள் ஆல்பத்துக்கு இந்தப் பெயரை வைத்தது எனக்குப் பிடித்த குறும்பு.

ஆல்பத்தில் பக்கம் நிறைக்கும் தொகுப்பு எதுவும் இல்லை. பாடல் பாடலாக, தெளிவாக, சுத்தமான பதிவு. 'வேலண்டைன் சூட்' மாதிரி இன்னொன்று எதிர்பார்த்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கால ஸ்டுடியோ ஒலியின் மினுமினுப்பு இன்றைக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. பிடித்துப்போனது மூன்றாவது தடவை, ஃபார்லோவை மட்டும் பின்தொடர்ந்தபோது. முப்பது வயதில் எதற்கெடுத்தாலும் உச்சஸ்தாயிக்குத் தாவிய மனிதர் இங்கே பல இடங்களில் கீழேயே நின்று பேசுகிறார். கத்தும் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கத்துகிறார். கிளெம்ப்சனும் ஒரு சுரத்தை எடுத்து நிறுத்திவைத்து, அது தேயும்வரை காத்திருக்கிறார். இருபது வயதில் அவருக்கு அந்தப் பொறுமை இல்லை.

2003-இல் வந்த அடுத்த ஆல்பத்தின் தலைப்பிலேயே ப்ளூஸ் வந்துவிட்டது: 'டுமாரோஸ் ப்ளூஸ்'. புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் கொடுப்பேன். எதை விடலாம், எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பத்து வருஷம் சேர்ந்து வாசித்ததில் அவர்களுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. பழைய தாவல்களை நிரூபிக்கும் அவசரம் இல்லை. ப்ராக்ரஸிவ் பாதி முழுக்க மறைந்துவிடவும் இல்லை, அது நீளத்திலிருந்து அடுக்குக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. நேரான ப்ளூஸ் மாதிரி தொடங்கும் பாட்டுக்கு அடியில் ஹைஸ்மனின் கைகள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்த வருஷம் டிசம்பரில் ஹெக்ஸ்டால்-ஸ்மித் இறந்துபோனார். அவர் இடத்துக்கு பார்பரா தாம்ப்சன் வந்தார். பார்பராவுக்கு 1997-இலேயே பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டிருந்தது. விரலும் மூச்சும் சொன்ன பேச்சைக் கேட்டாக வேண்டிய வாத்தியம் சாக்ஸபோன். மருந்து வேலை செய்யும் நேரத்தைக் கச்சேரி நேரத்தோடு பொருத்திக்கொண்டு வாசித்தார். 2014-இல் வந்த 'டைம் ஆன் அவர் சைட்' ஆல்பத்தில் 'டிக்ஸ் லிக்ஸ்' என்று ஒரு பாடல் இருக்கிறது. லிக் என்றால் ஒரு கலைஞர் அடிக்கடி வாசிக்கும் சின்னச் சின்ன இசைச் சொற்றொடர். போன நண்பருக்கு அவருடைய லிக்குகளின் பெயராலேயே ஒரு அஞ்சலி.

2015 பிப்ரவரி 28 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் விடைபெற்றார்கள். 2018 ஜூனில் ஹைஸ்மன் மூளைக் கட்டியால் இறந்தார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2020-இல் ஃபார்லோ, கிளெம்ப்சன், கிளார்க் மூவரும் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள். 2022-இல் ஆல்பமும் வந்தது. தொடங்கியவரே இல்லாத பேண்டை அதே பெயரில் கூப்பிடலாமா? ரசிகர்கள் இரண்டு கட்சி. நான் கூப்பிடலாம் கட்சி. இந்த மூவரும் முதல் அணியில் இல்லாதவர்கள், 1970-இல் பாதியில் வந்து சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். 1994-இல் கூடியதும் முதல் அணி அல்ல, கலையும்போது இருந்த கடைசி அணி. இந்தப் பேண்ட் தொடக்கத்திலிருந்தே ஆள் மாறி மாறித்தான் ஓடியிருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது

ரீயூனியன் ஆல்பத்தை முதலில் கேட்காதீர்கள். பழையதைத் தெரியாமல் அதைக் கேட்பது, முன்பின் தெரியாத இருவர் முப்பது வருஷம் கழித்துச் சந்திப்பதைப் பேருந்து நிலையத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது போலத்தான். அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஒரே ஒரு பாட்டை அவர்களுடைய இரண்டு வெவ்வேறு வயதுகளில் கேட்டுப் பாருங்கள். டி-போன் வாக்கர் 1947-இல் பதிவு செய்த 'ஸ்டார்மி மண்டே' என்ற மெதுவான ப்ளூஸ். கொலோசியம் அதை 1971 நேரடி ஆல்பத்திலும் வாசித்திருக்கிறது, 1994 கொலோன் கச்சேரியிலும் வாசித்திருக்கிறது. மேலே சொன்ன 12 பாரை விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்கலாம். முதல் சுற்றில் வழி தவறும், பரவாயில்லை, அடுத்த சுற்று எப்படியும் வந்துவிடும். 1971-இல் பாடகர் முடிப்பதற்குள் வாத்தியங்கள் உள்ளே பாய்கின்றன. 1994-இல் கொஞ்சம் நின்று, கேட்டுவிட்டு வருகின்றன. இந்த வித்தியாசம் காதில் விழுந்துவிட்டால் 'டுமாரோஸ் ப்ளூஸ்' உங்களுக்குத் தயார். அதற்கு அப்புறம் 'வேலண்டைன் சூட்' பக்கம் திரும்பிப் போகலாம்.

'சோலோ கொலோனியா'வை மட்டும் ராத்திரியில் ஸ்பீக்கரில் போட வேண்டாம். ஹைஸ்மன் இரண்டு பேஸ் டிரம் வைத்து, இரண்டு காலாலும் வாசிப்பவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினால், அந்தத் தட்டலும் பாட்டில் ஒரு பகுதி என்றுதான் தோன்றும்.